நசீர் வந்த நாள்

2008. பீடோங் பக்கத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான் ஐந்தாம் ஆண்டு. நசீர் வருகிறார் என்று தெரிந்ததுமே சுவருக்குச் சாயம் அடித்தார்கள். வாசிப்பு மூலையில் நாங்கள் அதுவரை பார்த்திராத கதைப்புத்தகங்கள் வந்து உட்கார்ந்தன. என்ன கேள்வி வரும், யார் கை தூக்க வேண்டும் என்பதுவரை ஒத்திகை. எனக்கு முதல் வரிசை.

என் பக்கத்து மேசைக்காரன் அப்போதும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். முதல்நாள் பள்ளி முடிந்ததும் அவனைக் கூப்பிட்டு, "நாளைக்கு நீ வர வேணாம்டா, வீட்லயே இரு" என்றார்கள். அவனுக்கு ஒரே சந்தோஷம். பால்மரம் வெட்டும் அவன் அம்மா, பிள்ளைக்கு லீவு என்று நம்பிவிட்டார்.

மறுநாள் நான் எழுந்து நின்று பதில் சொன்னேன். நசீர் தலையாட்டினார். காலி நாற்காலியைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்டால் "காய்ச்சல் சார்" என்று சொல்லத் தயாராக இருந்தேன். அதையும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

இது ஏன் இப்போது ஞாபகம் வந்தது என்றால், சுங்கைப்பட்டாணியில் இருக்கும் அக்கா மகளை முதலாம் ஆண்டில் சேர்க்கப் பள்ளி தேடினாள். "அந்தப் பள்ளிக்கு நசீர் வந்து நல்ல மார்க் போட்டாங்களாம்டா. சேக்கலாமா?"

நசீர்கள் கல்வி அமைச்சின் ஆள்கள். 2017 முதல் அவர்கள் கையில் இருப்பது மலேசியக் கல்வித் தரத்தின் 'இரண்டாம் அலை' பதிப்பு. அதில் ஐந்து தரங்கள்: தலைமைத்துவம், நிர்வாகம், பாடத்திட்டம்–இணைப்பாடம்–மாணவர் நலன், கற்றல் கற்பித்தல், மாணவர் அடைவு. பள்ளி முதலில் தனக்குத்தானே புள்ளி போட்டுக்கொள்கிறது. நசீர் வந்து சரிபார்க்கிறார். வகுப்பறைக்கான நான்காம் தரத்தில் ஆசிரியர் திட்டமிடுகிறாரா, வகுப்பைக் கட்டுப்படுத்துகிறாரா, வழிகாட்டுகிறாரா, ஊக்குவிக்கிறாரா, மதிப்பிடுகிறாரா என்று ஐந்து கேள்விகள். ஆறாவதுதான் மாணவனைப் பற்றியது: அவன் ஈடுபட்டுக் கற்கிறானா? வராத மாணவனுக்கு இதில் எந்தப் புள்ளியும் இல்லை.

முன்பு பெற்றோர் யுபிஎஸ்ஆரில் எத்தனை ஏ என்று எண்ணிப் பள்ளியை எடைபோட்டார்கள். 2021-இல் அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள். இப்போது கையில் மிஞ்சுவது காதுவழிச் செய்திதான். அன்று எங்கள் அம்மாவுக்கும் கிடைத்தது "நல்லா போச்சாம்" என்ற ஒரு சொல்தான். இங்கிலாந்தில் ஆய்வு அறிக்கைகளை இணையத்திலேயே யாரும் படிக்கலாம். அங்கேயும் ஒரு பள்ளியை ஒற்றைச் சொல்லில் தரம்பிரிக்கும் வழக்கத்தை 2024 செப்டம்பரில் கைவிட்டார்கள்.

நான் கூலிம் ஹைடெக் பார்க்கில் வேலை செய்கிறேன். தணிக்கை வரும் வாரம் நாங்களும் தரையைத் துடைக்கிறோம், பலகைகளைப் புதுசாக மாட்டுகிறோம். அதனால் அந்த ஆசிரியர்கள்மேல் இப்போது கோபமில்லை. புள்ளிக்குப் பயந்தவர்கள், அவ்வளவுதான். ஆனால் எங்கள் தணிக்கையாளரிடம் ஒரு பழக்கம் உண்டு. நாம் நீட்டும் கோப்பை வாங்கமாட்டார். அலமாரியைத் திறந்து தானே ஒன்றை உருவுவார். அன்று அந்த நசீர் வருகைப் பதிவேட்டைத் திறந்து, வராதவன் வீட்டுக்கு ஓர் ஆளை அனுப்பியிருந்தால் எங்கள் பள்ளியின் உண்மையான அறிக்கை கிடைத்திருக்கும்.

அக்காவிடம் சொன்னேன்: "மார்க்க விடு. சாதாரண நாள்ல போ. ரெண்டாம் ஆண்டுல படிக்கத் தெரியாத பிள்ளைய என்ன செய்றீங்கன்னு மட்டும் கேளு."

மூன்று பள்ளிகளுக்குப் போனாள். இரண்டில், "எங்ககிட்ட அப்படி யாரும் இல்லைங்க" என்றார்களாம். மூன்றாவதில் ஒரு டீச்சர், "நாலு பேர் இருக்காங்க. பள்ளி முடிஞ்சு தனியா உக்கார வைக்கிறேன், ஒருத்தனுக்கு இன்னும் வரல" என்று சொல்லி, அவன் நோட்டையும் எடுத்துக் காட்டியிருக்கிறார். அக்கா மகளை அங்கேதான் சேர்த்தாள்.

போன தீபாவளிக்கு ஊரில் என் பழைய பக்கத்து மேசைக்காரனைப் பார்த்தேன். லோரி ஓட்டுகிறான். அவன் மகனுக்கு ஐந்து வயதாம். பேச்சு பள்ளிக்கூடம் பக்கம் திரும்பியதும், "டேய், நசீர் வந்தன்னிக்கு எனக்கு மட்டும் லீவு விட்டாங்களே, ஞாபகம் இருக்கா?" என்று சிரித்தான்.

இருக்கிறது என்றேன். அதற்குமேல் சொல்ல வாய் வரவில்லை.