மறைத்த கைக்குத்தான் தெரியும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, பள்ளிக்கரணை அடுக்ககம் ஒன்றில் நிறுத்தியிருந்த கார்களை வெள்ளம் அடித்துச் சென்ற காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோதும் சென்னையில் எண்ணற்ற கார்கள் நாட்கணக்கில் தண்ணீரில் கிடந்தன. தண்ணீர் வடிந்தபின் காப்பீடு பற்றிச் செய்தி வந்தது, நிவாரணம் பற்றிச் செய்தி வந்தது. அந்தக் கார்கள் எங்கே போயின என்பது மட்டும் பெரிதாகப் பேசப்படவில்லை. எல்லாமே காயலான் கடைக்குப் போய்விடவில்லை. பழுது பார்க்கும் செலவு காப்பீட்டில் குறித்த மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால், நிறுவனம் அதை முழு இழப்பு என்று கணக்கு முடிக்கிறது. அப்படிப்பட்ட வண்டி ஏலத்துக்கு வருகிறது. எடுத்தவர் அதைப் பிரித்து உதிரியாகவும் விற்கலாம், ஓட வைத்து முழு வண்டியாகவும் விற்கலாம். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தவருக்கு இழப்பீடே கிடையாது. அவர் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார். இரண்டு வழியிலும் வண்டி பட்டறைக்குப் போய்ப் பளபளப்பாகத் திரும்புகிறது. அதை வாங்குபவர் பெரும்பாலும் வாழ்நாளில் முதன்முறையாகக் கார் வாங்கும் சம்பளக்காரர்.

வண்டி பளபளப்பாவதற்கு முன் அதை யார் தொடுகிறார்கள் என்று பார்க்கத்தான் சென்னைப் புதுப்பேட்டையை ஒட்டிய டிங்கர் பட்டறைகளுக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடைகளுக்கும் போனேன். பார்த்தவரையில் எனக்கு உறுதியானது ஒன்றுதான். பழைய கார்களில் மறைகுறை என்று நாம் சொல்வதில் தேய்மானத்தால் வந்தது ஒரு பகுதி. யாரோ ஒருவர் கூலி கொடுத்து மறைக்கச் சொன்னது பெரும்பகுதி. மறைக்கத் தெரிந்த கைதான் அதைக் கண்டுபிடிக்கவும் தெரிந்த கை. அந்தக் கைக்கு மறைப்பதற்குக் கூலி கொடுக்க ஆள் இருக்கிறது. கண்டு சொல்வதற்குக் கூலி கொடுக்கத்தான் யாரும் இல்லை. பழைய கார் சந்தையின் கோளாறு முழுவதும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

டிங்கர் மேஸ்திரியின் கையில் இரண்டு கருவிகள். ஒன்று சுத்தியல். மற்றது டாலி: உள்ளங்கைக்குள் அடங்கும் கனத்த இரும்புக் கட்டி, ஒரு முகம் தட்டை, ஒரு முகம் வளைவு. ஒடுங்கிய கதவுத் தகட்டின் உள்பக்கம் டாலியை அணைத்துப் பிடித்துக்கொண்டு வெளியிலிருந்து தட்டுகிறார். பள்ளத்தின் நடுவில் கை வைப்பதே இல்லை, விளிம்பிலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வருகிறார். நடுவில் ஓங்கி அடித்தால் தகடு நீண்டுவிடும். நீண்ட தகடு பிறகு எவ்வளவு தட்டினாலும் அடங்காமல் உப்பும். பத்துத் தட்டுக்கு ஒருமுறை நிறுத்தி, ஒரு மெல்லிய துணியைத் தகட்டின்மேல் போட்டு, அதன்மேல் உள்ளங்கையை நீளவாக்கில் ஓட்டுகிறார். துணி வழுக்கிக்கொண்டு போவதால் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம்கூடக் கைக்குத் தெரிந்துவிடுகிறது. பள்ளிப் படிப்பு பாதியில் நின்று, உப்புத்தாள் தேய்க்கும் பையனாக வந்து, சுத்தியலைத் தொடவே வருடங்கள் காத்திருந்து கற்ற வித்தை இது. இந்த உள்ளங்கை இன்னொரு பட்டறையில் செய்த வேலையையும் அதே துல்லியத்தோடு படித்துவிடும் என்பதுதான் நமக்கு முக்கியம்.

தகட்டை நிமிர்த்திய பிறகும் மிஞ்சும் சிறு பள்ளத்தை நிரப்பத்தான் பட்டி. ஒழுங்கான வேலையில் அது மெல்லிய பூச்சாக நிற்கும். அவசர வேலையில் தகட்டை நிமிர்த்தாமலே பட்டியை அப்பி, காய்ந்ததும் தேய்த்து, பிரைமர் போட்டுப் பெயிண்ட் அடித்துவிடலாம். கடைசியில் இரண்டும் ஒரே மாதிரித்தான் மின்னும். ஆனால் தொழிற்சாலைப் பெயிண்டின் கனம் ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான்; பட்டி ஏறிய இடத்தில் அது பல மடங்காகிவிடும். கனம் அளக்கும் சிறு கருவி அதைக் காட்டிக்கொடுக்கும், ஒரு காந்தத் துண்டே ஓரளவு காட்டும். இதையும் தாண்டி மேஸ்திரிகள் பார்ப்பது, எந்த இடத்தில் வேலை நடந்திருக்கிறது என்பதை. பானெட், ஃபெண்டர், கதவு எல்லாம் போல்ட்டில் நிற்பவை. மாற்றியிருந்தால் அழகு சம்பந்தப்பட்ட விஷயம். ஏப்ரனும் பில்லரும் சேசிஸ் லெக்கும் வெல்டிங்கில் நிற்பவை. மோதலின்போது அடியை வாங்கிக்கொண்டு உள்ளே இருப்பவரைக் காப்பவை. தொழிற்சாலை வெல்டிங் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் வட்ட வட்டமாக இருக்கும். கை வெல்டிங்குக்கு அந்த ஒழுங்கு வராது. பானெட்டைத் தூக்கி விளக்கடித்தால், தெரிந்தவருக்குச் சில நிமிட வேலை.

எலக்ட்ரீஷியன் கடையில் கதை வேறு. வெள்ளத்தில் நின்ற காரின் எஞ்சினைக் கழுவி ஓட்டிவிடலாம். ஒயரிங்கைக் கழுவ முடியாது. ஒரு கனெக்டரைப் பிரித்துக் காட்டினார்கள்: உள்ளே செப்பு ஊசிகள் பச்சை பிடித்திருந்தன. அந்தப் பச்சை ஒரே நாளில் வண்டியை நிறுத்தாது. மாதங்கள் கழித்து ஒருநாள் ஜன்னல் இறங்காது, இன்னொரு நாள் வைப்பர் தானாக ஓடும், பிறகு ஓடும் வண்டி நடுச்சாலையில் அணையும். அதற்குள் விற்றவர் கைபேசி எண்ணை மாற்றியிருப்பார். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்ப்பது, சீட் தண்டவாளத்தில் துரு பார்ப்பது, தரைவிரிப்பின் அடியில் கைவைத்து ஈரம் பார்ப்பது, ஸ்டெப்னிக் குழியில் வண்டல் தேடுவது ஆகியவை அவர்கள் சொன்ன சோதனைகள். இவற்றையும்விடக் கவலை தருவது ஏர்பேக் விளக்கு. சாவியைத் திருப்பியதும் அது சில விநாடி எரிந்து அணைய வேண்டும். ஏர்பேக் ஏற்கெனவே வெடித்துப்போன வண்டியில் புதியது மாட்டச் செலவு அதிகம் என்பதால், கம்ப்யூட்டரை ஏமாற்ற ஒரு ரெசிஸ்டரைச் சொருகியோ, விளக்கை வேறு விளக்கின் ஒயரோடு சேர்த்தோ கணக்கை நேர் செய்துவிடும் வேலை இந்தத் தொழிலில் உண்டு. அப்படிச் செய்த வண்டியை வாங்கியவர் தன் குடும்பத்தாரை ஏர்பேக் இருக்கும் நம்பிக்கையில் முன்சீட்டில் உட்கார வைக்கிறார்.

அப்படியானால் இந்தத் தொழிலாளிகளும் கூட்டுக் களவாணிகள்தானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஏர்பேக் விளக்கை ஏமாற்றுபவருக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. அது உயிரோடு விளையாடுவது. ஆனால் மற்ற வேலைகளில் பொறுப்பு எப்படிப் பிரிகிறது என்று பார்க்க வேண்டும். டிங்கருக்குக் கூலி பேனல் கணக்கில் பேசப்படுகிறது. என்றைக்கு முடியும், எவ்வளவு பளபளப்பாக வரும் என்றுதான் புரோக்கர் கேட்கிறார். எவ்வளவு உறுதியாக நிற்கும் என்று கேட்பதில்லை. நிமிர்த்தி நிதானமாகச் செய்யும் மேஸ்திரிக்கும் பட்டியை அப்பிக் கொடுப்பவருக்கும் ஒரே கூலி என்றால் தொழில் எந்தப் பக்கம் சாயும்? வண்டி யாருக்கு விற்கப்படும், என்ன சொல்லி விற்கப்படும் என்பது பட்டறைக்குத் தெரியாது. வாங்குபவர், விற்பவர் என்று இரண்டு பக்கமும் கமிஷன் எடுத்துக்கொண்டு, ‘சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி, ஒரு கீறல் இல்லை’ என்று சொல்பவர் இடையில் நிற்பவர். குறை தெரிந்தவருக்கு வாய் இல்லை, வாய் உள்ளவருக்குக் குறையைச் சொல்ல மனமில்லை. நெளிவை மறைத்து ஏற்றிய விலையில் டிங்கருக்குப் போவது அன்றாடக் கூலி மட்டும், மீதி முழுவதும் இடைத்தரகரின் லாபம். ஏமாற்றின் உழைப்பைத் தொழிலாளியிடமும், அதன் பலனைத் தரகரிடமும், அதன் செலவை வாங்கியவரிடமும் பிரித்துக் கொடுக்கும் சந்தையை நாம் வியாபாரம் என்று ஏற்றுக்கொண்டிருப்பது பெரிய அநியாயம்.

வாங்குபவர்தானே பார்த்து வாங்க வேண்டும் என்பது இரண்டாவது மறுப்பு. சட்டமும் ஏறக்குறைய அந்தப் பக்கமே நிற்கிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, விதிவிலக்குகள் போக, பொருளின் தரத்துக்கு வாங்குபவரையே பொறுப்பாக்குகிறது. ஆனால் அதற்கும் முந்தைய 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில், நிலமோ வீடோ விற்பவர் தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையைச் சொல்லியாக வேண்டும் என்று 55ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. இடிந்து விழக்கூடிய வீட்டுக்கு உள்ள கடமை, நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் இரும்புக்கு ஏன் இருக்கக் கூடாது? 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் நமக்குக் கைகொடுக்கும். வெறுமனே பேசாமலிருப்பது பொதுவாக மோசடி ஆகாது. தெரிந்த உண்மையை முனைந்து மறைப்பது மோசடி என்கிறது அதன் 17ஆம் பிரிவு. வெட்டி ஒட்டிய பில்லரைப் பட்டி பூசி மூடுவதும், ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் மீட்டரைப் பின்னுக்குத் தள்ளுவதும் பேசாமலிருப்பதில் சேராது. அவை முனைந்து மறைப்பதே. பார்த்து வாங்கு என்று சொல்ல வேண்டுமென்றால், பார்க்கும்படி விட்டுவைத்திருக்க வேண்டும்.

இப்போதுதான் பழைய கார் விற்கும் பெரிய நிறுவனங்கள் வந்துவிட்டனவே, நூற்றுக்கணக்கான அம்சங்களைச் சோதித்து வாரண்டியும் கொடுக்கின்றனவே என்பார்கள். பட்டியல் இருப்பது நல்லதே. என்றாலும் அந்தப் பட்டியலை நிரப்புபவர் விற்கும் நிறுவனத்தின் சம்பளக்காரர் என்பதை மறக்கக் கூடாது. வாரண்டி பெரும்பாலும் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சுற்றியே நிற்கும். வெல்டிங் செய்த பில்லருக்கும் பச்சை பிடித்த ஒயருக்கும் அதில் இடமிருப்பது அரிது. அரசும் சும்மா இருக்கவில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகள் அங்கீகாரம் பெற வேண்டும், வண்டி தங்கள் கைக்கு வந்ததைத் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் வண்டி யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் அந்த விதிகள் பதிகின்றன. வண்டிக்கு என்ன நடந்தது என்பதைப் பதிவதில்லை. வாகனப் பதிவுகளுக்கான அரசின் வாகன் தளத்தில் எத்தனையாவது உரிமையாளர், கடன் அடமானம், காப்பீட்டுக் காலம் எல்லாம் தெரியும். விபத்தும் வெள்ளமும் தெரியாது. பிரிட்டனில் ஒவ்வொரு தகுதிச் சோதனையின்போதும் பதிந்த ஓட்டத் தூரத்தை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஜப்பானின் ஏலங்களில் பழைய கார் ஒவ்வொன்றுக்கும் ஆய்வுத் தாள் உண்டு. சட்டகம் பழுது பார்த்த வண்டி தனிக் குறியோடு வரும். அங்கிருந்து கார் இறக்கும் இலங்கையில் அந்தத் தாளைக் கேட்டு வாங்குவது பழகிய நடைமுறை. நம் ஊரில் காப்பீட்டு நிறுவனத்தின் கோப்பில் உள்ள ஒரு வரியை வாகன் தளத்தில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் என்ன செய்வது? குறை ஒவ்வொன்றாகத் தலைகாட்டும்போது ஒவ்வொரு கடையாக ஓடிச் செலவழிப்பதுதான் பலரும் செய்வது. பணம் கரைவது அதில்தான். முதலில் வண்டியை லிஃப்டில் ஏற்றி, ஸ்கேனர் போட்டு, அடிப்பகுதியும் ஒயரிங்கும் சேர்த்து முழுதாக ஒருமுறை பார்க்கச் சொல்லி, கண்டதை எழுதி வாங்க வேண்டும். அந்தப் பட்டியலை இரண்டாகப் பிரிக்கலாம். பிரேக், ஸ்டீயரிங், டயர், சீட் பெல்ட், ஏர்பேக், டைமிங் பெல்ட் ஆகியவை தள்ளிப்போடக் கூடாதவை. ஏசி, பெயிண்ட், பவர் விண்டோ பொறுக்கலாம். பழைய ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டால், அன்றிலிருந்து வண்டியின் வரலாறு உங்கள் கையில் இருக்கும். மாற்றிய உதிரிகளைத் தூக்கிப் போடாமல் தேதியோடு படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், விற்றவரிடம் போனில் சண்டை போடுவதைவிட எழுத்தில் தெரிவியுங்கள். வியாபாரியிடம் வாங்கியிருந்தால் இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்; 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியதற்குப் புகார்க் கட்டணம் கிடையாது. காப்பீட்டைப் பெயர் மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பியுங்கள். மூன்றாம் நபர் பாதுகாப்பு தானாக உங்களுக்கு வரும், உங்கள் வண்டியின் சேதத்துக்கான பாதுகாப்பு தானாக வராது.

சோதிக்கத் தனியாகக் கூலி கொடுக்க முடிந்தவர் ஏன் பழைய கார் வாங்குகிறார் என்று இன்னும் ஒரு கேள்வி வரலாம். பணம் இல்லாதவருக்குத்தான் இந்தச் செலவு அவசியம். இருப்பவர் ஏமாந்தால் இன்னொரு கார் வாங்கிக்கொள்வார். இன்று தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போய் வண்டியைக் காட்டிவிட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அவருடைய சொல்லுக்கு விலை இல்லாததால் பொறுப்பும் இல்லாமல் போகிறது. அந்த வேலையைத் தனித் தொழிலாக மதித்து, கூலியைப் பேசி, கையெழுத்தோடு அறிக்கை கேட்கத் தொடங்கினால், அதே உள்ளங்கைகள் மறைப்பதைவிடக் கண்டு சொல்வதில் கௌரவமாகப் பிழைக்கும். நிமிர்த்திச் செய்யும் மேஸ்திரிக்கும் அப்பிக் கொடுப்பவருக்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் சந்தையில் விலையாகத் தெரியும். எனவே பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது: விற்பவரிடமோ தரகரிடமோ கூலி வாங்காத ஒரு டிங்கரையும் ஒரு எலக்ட்ரீஷியனையும் உரிய கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். பார்த்ததை எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். அந்தத் தாள் கைக்கு வந்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.