சம்மர் கேம்ப்: பிள்ளையை எதில் சேர்ப்பது?

ஏப்ரல் பிறந்தால் போதும், காலையில் பேப்பரைப் பிரித்ததும் செய்திக்கு முன்னால் நோட்டீஸ்தான் மடியில் விழும். நீச்சல், கராத்தே, கீபோர்டு, ஓவியம், யோகா, அபாகஸ், ரோபோட்டிக்ஸ், பர்சனாலிட்டி டெவலப்மென்ட்... எல்லாம் ஒரே இடத்தில், எல்லாம் பத்தே நாளில்! மின்கம்பத்தில் ஒன்று, ஆட்டோவின் முதுகில் ஒன்று, வாட்ஸ்அப் குழுவில் இன்னும் நாலு. பரீட்சை முடிந்தது என்று பிள்ளைகள் குதித்துக்கொண்டிருக்கும்போதே, "இந்த வருஷம் எதுல சேர்க்கிறது?" என்று வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடுகிறது.

பத்து நாள் கேம்ப்தானே, இதற்கு ஒரு கட்டுரையா என்று சிலருக்குத் தோன்றலாம். போகிற பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு பிள்ளைக்குப் பள்ளிக்கூட வாழ்க்கையில் கிடைப்பது மொத்தமே பன்னிரண்டு கோடை விடுமுறைகள். அதில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ என்று கடைசி சில வருஷங்களை டியூஷன் பிடுங்கிக்கொள்ளும். மிச்சம் எட்டோ ஒன்பதோதான். அதை எப்படிச் செலவு செய்வது என்பது சின்ன விஷயம் இல்லை.

பெயர் மட்டும் கேம்ப்

சம்மர் கேம்ப் நம்மூர்ச் சரக்கு இல்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பள்ளிக்கூடம் நடத்திவந்த ஃபிரெடரிக் கன் என்பவர், 1861-ல் தன் மாணவர்களைக் கால்நடையாகவே கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் கூடாரம் அடித்துத் தங்கவைத்தார். அதைத்தான் முதல் சம்மர் கேம்ப் என்று பலரும் சொல்கிறார்கள். பிறகு 1885-ல் ஒய்.எம்.சி.ஏ.காரர்கள் நியூயார்க் மாநிலத்தில் ஒரு முகாமைத் தொடங்கினார்கள். அங்கே கேம்ப் என்றால் வீட்டை விட்டுக் கிளம்பி, ஏரிக்கரையிலும் காட்டிலும் தங்கி, தன் வேலையைத் தானே செய்து பழகுவது.

அது இங்கே வந்து சேர்ந்தபோது கூடாரம் போய்விட்டது, ஏரி போய்விட்டது, பெயர் மட்டும் மிஞ்சியது. இங்கே பெரும்பாலும் சம்மர் கேம்ப் என்றால் மாடியில் ஒரு ஹால், காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை, கடைசி நாளில் ஒரு சான்றிதழ். உள்ளபடி சொன்னால் அது இன்னொரு டியூஷன். டியூஷன் தப்பு என்று இல்லை. ஆனால் டியூஷனைப் பார்க்கிற கண்ணோடுதான் அதைப் பார்க்கவேண்டும். யார் சொல்லித் தருகிறார், எத்தனை பேருக்கு, எத்தனை மணி நேரம்?

முதல் கேள்வி: எதற்காக?

பிள்ளையைக் கேம்ப்பில் சேர்ப்பதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். ஒன்று, அப்பா அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள், பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இரண்டு, பிள்ளை ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும். மூன்று, எதிர்வீட்டுப் பிள்ளை போகிறது.

மூன்றாவதை விட்டுவிடலாம். முதல் காரணத்தைச் சொல்லப் பல பேர் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட ஒன்றுமே இல்லை. ஆனால் அதுதான் காரணம் என்றால், பத்திலிருந்து பன்னிரண்டு வரை நடக்கும் கேம்ப் எதற்கும் உதவாது. ஒன்பது மணிக்குக் கிளம்பி ஆறு மணிக்குத் திரும்புகிற அம்மாவுக்கு, பன்னிரண்டு மணிக்கு வெயிலில் பிள்ளையைக் கூட்டிவர ஆள் தேடுவது புதிய தலைவலி. அந்த வீட்டுக்கு வேண்டியது நாள் முழுக்க நடக்கும் இடம். மதியச் சாப்பாடு, கொஞ்சம் தூக்கம், சுத்தமான கழிப்பறை, பொறுப்பான ஒரு ஆள். அங்கே என்ன சொல்லித் தருகிறார்கள் என்பதெல்லாம் அப்புறம்.

கற்றுக்கொள்வதற்காக என்றால் கதை வேறு. பத்து நாளில் பத்துக் கலை என்று சொல்லும் இடத்தில் பிள்ளை பத்தின் பெயரையும் தெரிந்துகொண்டு வரும், அவ்வளவுதான். மாறாக ஒரே விஷயத்தை மூன்று வாரம் தினமும் செய்தால், நீச்சலோ, செஸ்ஸோ, மிருதங்கமோ, அடிப்படையாவது கையில் நிற்கும்.

கொஞ்சம் காமர்ஸ்

ஒரு கேம்ப்புக்குக் கட்டணம் 3,000 ரூபாய், பத்து நாள், தினம் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 20 மணி நேரம், அதாவது மணிக்கு 150 ரூபாய். பரவாயில்லை என்று தோன்றும். இதோடு டி-ஷர்ட்டும் 'கிட்'டும் 500 ரூபாய், ஆட்டோவுக்குப் போக வர தினம் 200 வீதம் 2,000. ஆக மொத்தம் 5,500 ரூபாய். இப்போது மணிக்கு 275 ரூபாய் ஆகிவிட்டது! 40 பிள்ளைகளுக்கு ஒரே மாஸ்டர் என்றால், இரண்டு மணி நேரத்தில் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் கவனம் மூன்றே நிமிடம். நோட்டீஸில் இந்தக் கணக்கு இருக்காது. வீட்டில்தான் போடவேண்டும்.

"கட்டணம் பிளஸ் 18 சதவீதம் ஜி.எஸ்.டி." என்று சொன்னால் பில்லைக் கேட்டு வாங்குவது நல்லது. பொதுவாக, வருஷத்துக்கு 20 லட்சம் ரூபாய்க்குள் வரவு உள்ள சேவை நிறுவனங்கள் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்யவேண்டிய கட்டாயம் இல்லை. பதிவு செய்யாதவர் வரி என்று தனியாக வசூலிக்கவும் கூடாது. பதிவு செய்தவருக்கு 15 இலக்க எண் இருக்கும், அது பில்லில் இருக்கவேண்டும். வரி விஷயத்தை விட்டாலும், வாங்கிய பணத்துக்கு ரசீது தராமல் இருப்பதையே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. ரசீது தரவே யோசிக்கிற இடம், பிள்ளை கீழே விழுந்தால் போன் எடுக்குமா என்று யோசிக்கவேண்டும்.

பொருளாதாரத்தில் ஒரு பிரபலமான விஷயம் உண்டு. ஜார்ஜ் அகெர்லாஃப் என்பவர் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார் (2001-ல் நோபல் பரிசு வாங்கியவர்களில் ஒருவர்). சாரம் இதுதான்: காரில் என்ன கோளாறு என்று விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட சந்தையில் நல்ல காருக்கும் ஓட்டைக் காருக்கும் வித்தியாசம் தெரியாமல், கடைசியில் ஓட்டைக் கார்களே மிஞ்சும்.

சம்மர் கேம்ப் சந்தையும் கிட்டத்தட்ட இதேதான். இன்னும் ஒரு படி மோசம் என்றுகூடச் சொல்லலாம். கார் வாங்கியவர் தானே ஓட்டிப் பார்ப்பார். இங்கே காசு கொடுப்பது அப்பா, அனுபவிப்பது ஏழு வயதுப் பிள்ளை. "இன்னிக்கு என்ன கத்துக்கிட்ட?" என்று கேட்டால் "ம்... விளையாண்டோம்" என்பதுதான் பதில். அதை வைத்து எதை முடிவு செய்வது?

ஆகவே செய்யவேண்டியது மூன்று. பணம் கட்டும் முன் ஒரு நாள் வகுப்பை நேரில் பார்ப்பது. வரவேற்பில் இருப்பவரிடம் பேசிவிட்டு வராமல், பாடம் எடுக்கப்போகிறவரிடமே பேசுவது. போன வருஷம் சேர்த்த இரண்டு பெற்றோரிடமாவது விசாரிப்பது. "பேரண்ட்ஸ் உள்ளே வரக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லும் இடத்துக்குப் பிள்ளை மட்டும் ஏன் போகவேண்டும்?

கண்ணைக் கட்டிப் படிக்கும் வித்தை

சில வருஷங்களுக்கு முன் 'மிட்பிரைன் ஆக்டிவேஷன்' என்று ஒன்று ஊர் ஊராகப் பறந்தது. பிள்ளையின் கண்ணைக் கட்டிவிட்டுப் புத்தகம் படிக்கவைப்பார்கள், சீட்டின் நிறத்தைச் சொல்லவைப்பார்கள், பெற்றோர் வாய் பிளப்பார்கள். மூக்கின் ஓரத்தில் கட்டுக்குக் கீழே இருக்கும் சின்ன இடைவெளிதான் ரகசியம். அந்த இடைவெளியை அடைத்துவிட்டால் வித்தை முடிந்தது. நடுமூளை என்பது யாரும் வந்து ஸ்விட்ச் போடவேண்டிய பொருள் இல்லை. கண் அசைவுக்கும் கேட்பதற்கும் உதவிக்கொண்டு அது எல்லோருக்கும் பிறந்ததிலிருந்தே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

இதில் பணம் போனதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. தான் ஓரக்கண்ணால் பார்ப்பது பிள்ளைக்குத் தெரியும். அப்பா அம்மா பெருமைப்படுகிறார்களே என்று அது உண்மையைச் சொல்லாமல் இருக்கும். காசு கொடுத்துப் பிள்ளைக்குப் பொய் சொல்லப் பழக்கிய கதைதான். "ஞாபகசக்தி மூன்று மடங்கு", "ஐ.க்யூ. உயர்வு உறுதி" என்ற வார்த்தைகளைப் பார்த்தால் நோட்டீஸை மடித்து வைத்துவிடலாம்.

விட்டுக்கொடுக்கக் கூடாத விஷயங்கள்

நீச்சல் என்றால் குளத்தின் ஆழம் என்ன, ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பிள்ளைகள், சொல்லித் தருபவரைத் தவிரக் கரையில் நின்று கவனிக்க மட்டும் ஒரு ஆள் உண்டா என்று கேட்கவேண்டும். தண்ணீரில் மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்தாது, கை ஆட்டாது, சத்தமில்லாமல் போய்விடும். அதனால்தான் பார்ப்பதையே வேலையாக வைத்திருக்கும் ஒரு ஜோடிக் கண் தேவை.

மைதான விளையாட்டு என்றால் நேரம் முக்கியம். மே 4 வாக்கில் தொடங்கி மாதக் கடைசி வரை அக்னி நட்சத்திரம். வேலூரிலும் திருச்சியிலும் மதுரையிலும் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் அவை. காலை ஆறிலிருந்து எட்டு வரை அல்லது வெயில் தாழ்ந்த பிறகு என்றால் சரி. பதினோரு மணிக்கு ஃபுட்பால் என்றால் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, பலரும் கேட்கத் தயங்குவது. உடை மாற்றும் அறையில் யார் இருப்பார்கள், வேனில் பிள்ளையோடு யார் வருவார்கள், பிள்ளை ஒரு பெரியவரோடு தனியாக இருக்கும் நேரம் உண்டா? 2012-ல் வந்த போக்சோ சட்டத்தின்படி, குழந்தைக்குப் பாலியல் தொல்லை நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பதும் குற்றம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. கேம்ப்புக்கு அனுப்பும் முன் இந்த எண்ணையும், "உனக்குப் பிடிக்காத மாதிரி யார் தொட்டாலும் வந்து சொல்லு, உன்னைத் திட்டமாட்டோம்" என்ற ஒரு வாக்கியத்தையும் சொல்லி அனுப்பவேண்டும். கராத்தே கற்றுக்கொள்வதைவிட இது பெரிய தற்காப்பு.

நோட்டீஸ் போடாத இடங்கள்

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கோடை விடுமுறையில் மாவட்ட விளையாட்டரங்குகளில் பயிற்சி முகாம் நடத்துகிறது. கலை பண்பாட்டுத் துறையின் கீழ் ஜவகர் சிறுவர் மன்றங்கள் பாட்டு, பரதம், ஓவியம் சொல்லித் தருகின்றன. சென்னை கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி உண்டு. இவற்றுக்கெல்லாம் ஆட்டோவின் முதுகில் விளம்பரம் வராது. நாமாகப் போய் விசாரிக்கவேண்டும். அரசு இடம் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கவும் வேண்டாம், மேலே சொன்ன கேள்விகள் எல்லாம் அங்கேயும் பொருந்தும்.

சேர்க்காமலே இருந்தால்?

ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது எதை விடுகிறோமோ, அதன் மதிப்புதான் உண்மையான விலை. வாய்ப்புச் செலவு என்று முதல் வருஷப் பாடத்திலேயே வரும். கேம்ப்பின் வாய்ப்புச் செலவு பாட்டி வீடாக இருக்கலாம். அத்தை பையனோடு கிணற்றடி, திண்ணையில் தாயம், பல்லாங்குழி, மாங்காயில் உப்பும் மிளகாய்த்தூளும். அங்கே போய்த் தங்க வழியிருக்கும் பிள்ளையைப் பிடித்து வந்து ஹாலில் உட்காரவைப்பது நஷ்டக் கணக்கு.

ஆனால் எல்லோருக்கும் இப்போது பாட்டி வீடு இல்லை. ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டுப் பாட்டியே மகனோடு நகரத்து ஃபிளாட்டுக்கு வந்தாயிற்று. அந்த ஃபிளாட்டில் மற்றது டி.வி.யும் செல்போனும்தான் என்றால், பத்துப் பிள்ளைகளோடு ஓடியாட விடும் சுமாரான கேம்ப்கூடப் பாட்டி வீட்டுக்கு அடுத்த இடத்துக்கு வந்துவிடும்.

கடைசியாக, பிள்ளையையும் ஒரு வார்த்தை கேட்கவேண்டும். எல்லாவற்றையும் அதன் இஷ்டத்துக்கு விடவேண்டும் என்று இல்லை. பெரியவர்கள் விசாரித்துப் பாதுகாப்பானது என்று முடிவு செய்த இரண்டு மூன்றில் எது வேண்டும் என்று கேட்கலாம். சேர்த்த பிறகு மூன்றாம் நாள் "நான் போகமாட்டேன்" என்று அழுதால், "காசு கட்டியாச்சு, போய்த்தான் ஆகணும்" என்பதுதான் பல வீடுகளில் வரும் முதல் பதில். கட்டிய காசு, பிள்ளை போனாலும் திரும்பாது, போகாவிட்டாலும் திரும்பாது. ஏன் போகமாட்டேன் என்கிறது என்பதுதான் அப்போது கேட்கவேண்டிய கேள்வி. சோம்பலா, மாஸ்டர் அடித்தாரா, பெரிய பையன்கள் கேலி செய்கிறார்களா, அல்லது அதைவிட மோசமான ஏதாவதா? அந்த ஒரு கேள்வியை நிதானமாகக் கேட்கிற வீட்டில் கேம்ப் கொஞ்சம் தப்பாக அமைந்தாலும் பெரிதாக எதுவும் கெட்டுப்போகாது.