விலையில்லாச் செயலியும் அமானிதமும்

தொழுகை நேரம் அறியும் செயலியைத் தேர்ந்தெடுத்தபோது நாங்கள் இரண்டைத்தான் பார்த்தோம்: காசு கேட்கவில்லை, பாங்கு இனிமையாக ஒலித்தது. வீட்டிலுள்ள எல்லாக் கைபேசிகளிலும் அதையே நிறுவினோம்.

2020 நவம்பரில் ஒரு செய்தி வெளியானது. உலகெங்கும் முஸ்லிம்கள் பயன்படுத்திய தொழுகைச் செயலி ஒன்றிலிருந்து பயனர்களின் இருப்பிடத் தகவல் ஒரு தரகு நிறுவனத்துக்குச் சென்றது. அமெரிக்க இராணுவத்தின் ஒப்பந்ததாரர்களும் அத்தரகரிடம் தகவல் வாங்கினர் என்றது அச்செய்தி.

எங்களுடையது வேறு செயலி. ஆயினும் அன்றுதான் அதன் அனுமதிகளைத் திறந்து பார்த்தோம். செயலி மூடியிருக்கும் வேளையிலும் எங்கள் இருப்பிடத்தை அறிய நாங்களே இசைவு அளித்திருந்தோம். எந்தப் பள்ளிவாசல், எந்த மருத்துவமனை, யார் வீடு என அனைத்தையும் அது அறிந்திருக்கக் கூடும். பிறர் வீட்டுக்கு நாம் சென்று வருவது அவர்களுடைய அமானிதமும் அல்லவா?

தொழுகை நேரத்தைக் கணிக்க ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி ஆகியவையே அடிப்படை. ஊர்ப்பெயரை மட்டும் கேட்டு, கைபேசியிலேயே கணித்துக் கொள்ளும் செயலிக்கு மாறினோம். அதன் பாங்கொலி அத்தனை இனிமையன்று. சிறு தொகையும் கேட்டது. காசு கொடுத்தாலே காவல் வந்துவிடும் என்பதற்கில்லை. எனவே அதன் அனுமதிகளையும் படித்த பின்னரே வாங்கினோம்.

செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்கும் நாம், செயலியையும் அவ்வாறே பார்த்து எடுப்போமாக.