இன்வெர்ட்டரில் பிரிட்ஜ் ஓடுமா?



"சார், கரண்ட் போனா இன்வெர்ட்டர்ல பிரிட்ஜ் ஓட்டலாமா? அம்மாவோட இன்சுலின் உள்ளே இருக்கு" என்று கேட்டிருந்தீர்கள். ஓட்டலாம். ஆனால் முதலில் கணக்கு.

12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரியில் இருப்பது 1800 வாட்-மணி. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் வடியவிட்டால் ஆயுள் குறையும். ஆகவே கைக்கு வருவது 900. கம்ப்ரசர் 120 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 150. வகுத்தால் 6 மணி நேரம். மார்கழியில் கம்ப்ரசர் விட்டு விட்டு ஓடும், கூடுதல் நேரம் வரும். நம் கோவில்பட்டி சித்திரை வெயிலில் அது ஓய்வதே அபூர்வம். ஃபேனும் சுற்றினால் இன்னும் குறையும்.

இன்னொன்று. கரிசல் சகதியில் நிற்கும் மாட்டுவண்டியை ஓட்டுவதைவிடக் கிளப்புவதுதானே பாடு? கம்ப்ரசரும் கிளம்பும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும். சின்ன இன்வெர்ட்டர் அங்கேயே ட்ரிப் ஆகிவிடும். வாங்கும்போதே கடையில் பிரிட்ஜுக்கு என்று சொல்லிக் கேளுங்கள்.

கதவைத் திறக்காமல் இருந்தால் பிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிர் தாங்கும். சின்ன கட்டுக்குப் பேட்டரியே வேண்டாம். அதை நீண்ட கட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பிரிக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். ஃப்ரீசரில் மட்டும் வைக்கவே கூடாது. ஒருமுறை உறைந்தால் பிறகு இளகினாலும் பயன்படாது.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, இன்று வீட்டுக்குப் போன் போடும்போது "சாப்பிட்டீங்களா" என்பதோடு, "இன்சுலின் எந்தத் தட்டுல இருக்கு" என்றும் கேளுங்கள்.