இலைக்கு எத்தனை பெட்ரோல்?

யாராவது வண்டி வாங்கிட்டு வந்து வாசலில் நிறுத்தினால் நம்ம ஊரில் கேட்கிற முதல் கேள்வி ஒண்ணுதான். "எவ்ளோ குடுக்குது?"

கலர், டிசைன் எல்லாம் அதுக்கு அப்புறம்தான். பைக் வச்சிருக்கிறவர் "அறுபது அசால்ட்டா வரும்" என்பார். கார் வச்சிருக்கிறவர் "லாங்ல போனா இருபதுங்க" என்பார். அந்தக் காலத்தில் அம்பாசடர் வச்சிருந்த தாத்தாக்கள் மட்டும் சிரிச்சுட்டுப் பேச்சை மாத்திடுவாங்க!

எங்கள் வீட்டு நம்பர் 16.

அப்பா தஞ்சாவூரில் கல்யாண சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறார். அண்டா, கரண்டி, மளிகை, காய்கறி, இலைக்கட்டு, ரெண்டு மாஸ்டர்கள்... எல்லாத்தையும் சுமப்பது ஒரு 2006 மாடல் ஆம்னி வேன். இந்த வண்டிக்கு ஒரு சின்ன ஹிஸ்டரி உண்டு. 1984-ல் 'மாருதி வேன்' என்று வந்து, அப்புறம் 'ஆம்னி' என்று பேர் மாறி, 2019-ல் உற்பத்தியே நின்னு போச்சு. மாருதி 800-ல் இருந்த அதே 796 சி.சி., மூன்று சிலிண்டர் இன்ஜின்தான் இதிலும். அது முன் சீட்டுக்கு அடியிலேயே உட்கார்ந்திருக்கும். சித்திரை வெயிலில் ஓட்டினால், மண்டபத்துக்குப் போறதுக்கு முன்னாடியே நாம வெந்துடலாம்!

"அப்போ எல்லாம் பதினாறு குடுத்துச்சு. இப்போ பன்னெண்டு தாண்டல" என்று 2025 முழுக்க அப்பாவின் புலம்பல். "பங்க்ல ஏதோ பண்றானுவ" என்பது அவர் முடிவு. மாமாவின் முடிவு வேற. "மச்சான், எல்லாம் இந்த எத்தனால் பண்ற வேலை. பழைய வண்டிக்கு ஒத்துக்காது. பேசாம வித்துட்டுப் புதுசு எடுங்க. லோன் நான் பேசித் தர்றேன்." அதுக்கேத்த மாதிரி, 15 வருஷம் முடிஞ்சு 2021-ல் புதுப்பிச்ச ஆர்.சி.யும் 2026-ல் முடிகிறது. 20 வருஷம் தாண்டின காருக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கிவிட்டது.

விற்பதா, வைத்துக்கொள்வதா? இது வெறும் வண்டிப் பிரச்னை இல்லை. அப்பா ரேட் பேசுவது இலைக் கணக்கில். ஓர் இலைக்கு இவ்வளவு என்று பேசி அட்வான்ஸ் வாங்கியாச்சுன்னா, அப்புறம் பெட்ரோல் எவ்வளவு குடிச்சாலும் கல்யாண வீட்டில் போய்க் கேட்க முடியாது. வண்டி கூடுதலாகக் குடிக்கிற ஒவ்வொரு லிட்டரும் எங்க வீட்டுச் சாப்பாட்டிலிருந்தும், என் செமஸ்டர் ஃபீஸிலிருந்தும்தான் போகிறது. பிசிக்ஸ் படிக்கிற நான் சும்மா இருக்கலாமா? "ஒரு மாசம் டைம் குடுங்கப்பா, அளந்து பார்த்துடலாம்" என்றேன்.

அளப்பது ரொம்ப ஈஸி. டேங்க்கை ஃபுல்லாக நிரப்பணும். நாஸில் தானாக 'டக்'குன்னு நின்னதும் விட்டுடணும்; ரவுண்டா வரட்டும்னு மேல ஊத்தக் கூடாது. கிலோமீட்டரைக் குறிச்சுக்கணும். ஓட்டணும். திரும்ப அதே பங்க், அதே பம்ப், அதே மாதிரி ஃபுல். இப்போ போட்ட லிட்டரால் ஓடின கிலோமீட்டரை வகுத்தால் மைலேஜ் ரெடி. நூறு ரூபாய்க்குப் போட்டு, முள் எவ்வளவு இறங்குச்சுன்னு பார்ப்பதெல்லாம் ஜோசியம்தான்!

இதில் ஒரு கண்ணி இருக்கு. மீட்டர் காட்டுகிற கிலோமீட்டர் சரியா? திருச்சி ரோட்டில் கிலோமீட்டர் கல்லைப் பார்த்துக்கொண்டே போனோம். கல் கணக்கில் 20 கி.மீ., மீட்டரில் 20.6. டயர் தேய்ந்தால் சுற்றளவு குறையும். அதே தூரத்துக்கு அதிகம் சுத்தும். மீட்டரும் கூடுதலாகக் காட்டும். அதாவது பழைய வண்டி தன்னைப் பத்தி தானே கொஞ்சம் பெருமையடிச்சுக்கும்! முதல் டேங்க்கில் மீட்டர்படி 309 கி.மீ. ஓடி, 25 லிட்டர் பிடிச்சுது. லிட்டருக்கு 12.4. கல் கணக்கில் 300 கி.மீ., அதாவது சரியாக 12.

சரி, அந்தப் பழைய 16? பரணில் தேடினதில் 2012-ம் வருஷ டைரி கிடைத்தது. அப்போ வண்டி ஓட்டின டிரைவர் அண்ணனுக்குக் கணக்கு முடிக்க, பெட்ரோல் போடும்போதெல்லாம் லிட்டரும் கிலோமீட்டரும் எழுதி வச்சிருந்தாங்க. நாலு மாசத்துக்குக் கூட்டினேன். 2,484 கி.மீ., 180 லிட்டர். லிட்டருக்கு 13.8. பதினாறு எங்கேயும் இல்லை! அப்பா டைரியை ரெண்டு தடவை புரட்டிப் பார்த்தார். "என்னைக்கோ திருச்சிக்கு காலி வண்டியா போயிருப்பேன் பாப்பா, அது மனசுல நின்னுபோச்சு" என்றார். எல்லா வண்டிக்காரர்களும் சொல்கிற மைலேஜ் இதுதான். ஒரு நல்ல நாளில், நல்ல ரோட்டில் கிடைத்த நம்பர் ஆயுசுக்கும் கூடவே வருது.

கம்பெனி விளம்பரத்தில் போடுகிற நம்பரும் ஏறக்குறைய இப்படித்தான். அது பொய் இல்லை. ஆனா அந்தச் சோதனையில் வண்டி நிற்கிற இடத்திலேயே உருளை மேல் ஓடும். மணிக்கு 90-க்கு மேல் வேகம் கிடையாது. அந்த உருளையில் ரயில்வே கேட் கிடையாது, அறுவடை சமயத்தில் பாதி ரோட்டை அடைச்சுக் காயப்போட்ட நெல் கிடையாது, பின்னாடி ரெண்டு அண்டாவும் ஒரு மூட்டை அரிசியும் கிடையாது.

ஆக, மீட்டர் கணக்கில் 13.8-லிருந்து 12.4. உண்மையான சரிவு சுமார் 10 சதவீதம். இதில் எத்தனால் பங்கு எவ்வளவு? இங்கேதான் பிசிக்ஸ் கை கொடுத்தது. ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கிற எரிசக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கு. நாட்டில் 10 சதவீதக் கலப்பு 2022-ல் எட்டப்பட்டது. 2025-ல் அது 20 சதவீதம் ஆச்சு. 20 சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைச்சல் என்றால், கிட்டத்தட்ட 6.7 சதவீதம். எத்தனாலே இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்கு ட்யூன் பண்ணின கார்களில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையலாம்னு 2021-ல் நிதி ஆயோக் அறிக்கையும் சொல்லியிருக்கு. மாமா சொன்னது முக்கால்வாசி சரி. பங்க்காரர் பாவம், திட்டு வாங்கினதுதான் மிச்சம்!

இதை அப்பாவிடம் விளக்கும்போது ஒரு விஷயம் சொன்னேன். கரும்பு, மக்காச்சோளத்தோடு அரிசியிலிருந்தும் எத்தனால் தயாராகுது. உணவுக் கழகத்தின் உபரி அரிசியும் அதுக்குப் போயிருக்கு. ஒரு டன் அரிசியில் சுமார் 450 லிட்டர் எத்தனால் கிடைக்கும். நாம போடுற எத்தனால் முழுக்க அரிசியில் வந்ததுன்னு வச்சுக்கிட்டா, ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள்ளே 440 கிராம் அரிசி இருக்கு.

அப்பா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "நாலு இலைக்குச் சோறு" என்றார். சமையல்காரர் கணக்கு அது. நெல் விளைகிற மண்ணில் பிறந்தவருக்கு, மைலேஜ் அன்னைக்கு வேற மாதிரி புரிஞ்சிருக்கணும். சும்மா இன்ஜினை ஓடவிட்டுட்டு யாரோடாவது பேசிக்கிட்டு நிற்கிற பழக்கம் அன்றோடு போச்சு.

மிச்சம் இருக்கிற மூணு, நாலு சதவீதம் எங்கே போச்சு? அதைத் தேடுறது எங்க கையில்தான் இருந்துச்சு. பின் டயர் ரெண்டிலும் காத்து குறைச்சல். ஏர் ஃபில்டரில் ஒரு படி மண். மேலே கேரியர், முகூர்த்தமே இல்லாத ஆடி மாசத்திலும் அது காத்தைத் தடுத்துக்கிட்டே போச்சு. ஆம்னி மூஞ்சி ஏற்கெனவே தட்டையான பெட்டி. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 50-லிருந்து 80-க்குப் போனால் அந்த எதிர்ப்பு ரெண்டரை மடங்கு. நாலே நாலு கியர் வேற. திருச்சி நாலு வழிச்சாலையில் 50, 55-ல் போனபோது 15 கிட்ட கொடுத்த வண்டி, 80-ல் விரட்டினபோது 12-க்கு இறங்கிடுச்சு.

திருவையாறு ரோடு இன்னொரு பாடம். 13 கிலோமீட்டரில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று அஞ்சு ஆறு. டெல்டா தட்டையான பூமி, மலை இல்லை, மேடு இல்லை, மைலேஜ் அள்ளணும். ஆனா பாலத்துக்குப் பாலம் பிரேக், பஸ்ஸுக்கு வழி, அப்புறம் ரெண்டாவது கியர். ஒவ்வொரு பிரேக்கும் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கின வேகத்தைச் சூடாக்கி வீணாக்குறதுதான். முன்னாடியே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வண்டியை அதன் போக்கில் பாலத்துக்கு விட்டால் அதில் பாதி மிச்சம். ரயில்வே கேட்டும் அப்படியே. நீடாமங்கலம் கேட்டில் நின்றவர்களுக்கு நான் சொல்லணுமா என்ன! இந்த மாதிரி சின்ன இன்ஜின் சும்மா நின்னாலே மணிக்கு அரை லிட்டர் கிட்ட குடிக்கும். கேட் போட்டால் இன்ஜினை ஆஃப் பண்ணிடணும், அவ்வளவுதான்.

எல்லாம் பண்ணினதில் மீட்டர் கணக்கு 13-க்கு ஏறுச்சு. எத்தனாலுக்குப் போனது போனதுதான். மத்தது திரும்பி வந்தாச்சு.

ஆனா நான் சொல்ல வந்த மேட்டரே இனிமேல்தான். ஒரு கல்யாணத்துக்கு மொத்தம் எத்தனை லிட்டர்னு எழுதிப் பார்த்தேன். 300 இலை கல்யாணம். கீழவாசலுக்கு மளிகைக்கு ஒரு தடவை, காய்கறிக்கு ஒரு தடவை, திருவையாறு பக்கம் இலைக்கு ஒரு தடவை, மண்டபத்துக்கு ரெண்டு தடவை, மறந்துபோன பெருங்காயத்துக்கு ஒரு தடவை. மொத்தம் 78 கி.மீ., 6.3 லிட்டர். லிட்டர் 100 ரூபாய்னு வச்சுக்கிட்டா இலைக்கு 2 ரூபாய் 10 காசு.

அடுத்த கல்யாணத்துக்கு லிஸ்ட்டை முதல் நாளே முடிச்சோம். இலை, காய்கறி, மளிகை எல்லாம் ஒரே சுத்தில். 50 கி.மீ., 3.8 லிட்டர். இலைக்கு 1 ரூபாய் 27 காசு.

இப்போ மாமா சொன்ன புது வண்டியைப் பார்ப்போம். தாராளமாக 18 கொடுக்கும்னே வச்சுக்குவோம். பழைய மாதிரி 78 கி.மீ. அலைஞ்சா அதுக்கு 4.3 லிட்டர் வேணும். எங்க இருபது வயசு ஆம்னியை விட அதிகம்! "ஒரே சுத்துல போனா புது வண்டியும் கம்மியாத்தானே குடிக்கும்?" என்று மாமா மடக்கினார். நியாயமான கேள்வி. 2.8 லிட்டர் போதும். கல்யாணத்துக்கு ஒரு லிட்டர் மிச்சம். மாசம் எட்டு கல்யாணம்னா 800 ரூபாய். அஞ்சு லட்சம் லோன், அஞ்சு வருஷம், 9.5 சதவீத வட்டின்னா இ.எம்.ஐ. 10,500 ரூபாய். 800 ரூபாயை மிச்சம் பிடிக்க 10,500 ரூபாய் கட்டணும். மாமா டீயை முழுசாகக் குடிச்சு முடிச்சுட்டு, "பிசிக்ஸ்னு சொன்ன, வட்டிக் கணக்குல போட்டுத் தாக்குறியே" என்றார்.

பழசுதான் உசத்தின்னு சொல்ல வரலை. ஆம்னியில் ஏர்பேக் கிடையாது. அதன் புகை, 2020-லிருந்து வருகிற பி.எஸ். 6 வண்டிகளின் புகையைவிட மோசம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. இது எல்லா வண்டிக்கும் பொது. தினம் 100 கி.மீ. ஓடுகிற வண்டி என்றால் நானே "வித்துடுங்கப்பா" என்றிருப்பேன். எங்க வண்டி ஓடுறது மாசத்துக்கு 400, 500 கிலோமீட்டர். ஓட்டம் எவ்வளவு என்பதைப் பார்க்காமல் மைலேஜ் பேசினால் அந்த நம்பருக்கு அர்த்தமே இல்லை.

கடைசியில் முடிவான தீர்மானங்கள்: ஆர்.சி. புதுப்பிப்போம். பெட்ரோல் ஹோஸ், நாலு டயர் புதுசு. கேஸ் சிலிண்டரை ஆம்னியில் ஏத்துறதில்லை. ஏஜென்சி வண்டியே மண்டபத்தில் இறக்கட்டும். கேரியர் முகூர்த்த நாளில் மட்டும். மிச்சமாகிற காசை ஒரு டப்பாவில் போட்டு, அடுத்த வண்டிக்குச் சேர்க்கிறது.

நீங்களும் ஒரு தடவை உங்க வண்டியை டேங்க் டு டேங்க் அளந்து பாருங்க, ஃப்ரெண்ட்ஸ். அப்பாவோட பழைய ஸ்கூட்டரா இருந்தாலும் சரி, சித்தப்பாவோட கார் ஆனாலும் சரி. வருகிற நம்பர் நீங்க நினைச்சதைவிடக் குறைவாத்தான் இருக்கும். பரவாயில்லை. அதுக்குப் பக்கத்திலேயே, அந்த டேங்க் பெட்ரோலில் எந்தெந்த வேலை முடிஞ்சுதுன்னும் எழுதிப் பாருங்க. தேவையே இல்லாத ஒரு ட்ரிப்பாவது அதில் மாட்டும்.

அப்பா இப்போ லிஸ்ட் போடும்போது முதல் வரியிலேயே பெருங்காயம் எழுதுகிறார்.