அப்பா கொண்டு வந்த வன்னி இலை

எங்க அப்பா எல்லைப் பாதுகாப்புப் படையில, ராஜஸ்தான் ஜெய்சல்மேர் பக்கம் இருக்காரு. போன ஆடி மாசம் லீவுல வந்தப்ப, தம்பி அடையாளம் தெரியாம அம்மா பின்னாடி ஒளிஞ்சிக்கிட்டான். அப்பா அவ்வளவு கறுத்துப் போயிருந்தாரு.

எனக்காக டைரிக்குள்ள ஒரு கொத்து இலையும், ஒரு பொட்டலத்துல கொஞ்சம் காயும் வைத்திருந்தார். "அங்க இத கேஜ்ரின்னு சொல்றாங்க. நம்ம வன்னி மரந்தாம்மா" என்றார். எனக்கு நம்பவே முடியல. விருத்தகிரீஸ்வரர் கோயில் தலமரம் வன்னி. கோயில் கட்டின ஆளுங்களுக்கு விபசித்து முனிவர் வன்னி இலையைத்தான் கூலியா கொடுத்தார், அவங்கவங்க உழைப்புக்குத் தக்க அது காசா மாறுச்சுன்னு பாட்டி கதை சொல்லும். ராஜஸ்தானில் அதுவே மாநில மரமாம்! 1730-ல் கேஜர்லி கிராமத்தில் இந்த மரங்களை வெட்டவிடாமல் அமிர்தா தேவியோடு 363 பேர் உயிரை விட்டிருக்கிறார்கள்.

ஸ்கேல் வைத்து அளந்தேன். ஜெய்சல்மேர் சிற்றிலை 6 மில்லிமீட்டர். எங்க ஏரிக்கரை வன்னியில் நான் பறித்தது 11. காரணமும் கண்டுபிடிச்சிட்டேன். அங்கே வருஷத்துக்குச் சுமார் 200 மி.மீ. மழைதான், இங்கே 1,000-க்கு மேல். இலை சின்னதா இருந்தா தண்ணி குறைவா ஆவியாகும், காத்துல சூடும் சீக்கிரம் ஆறும். பெருமையா போர்டுல எழுதினேன்.

அறிவியல் டீச்சர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "எந்தக் கிளையில பறிச்ச?"

கைக்கு எட்டின கிளைதான், டீச்சர். நிழல்ல இருந்தது.

ஒரே மரத்துலயே வெயில்படும் இலை சின்னதா, தடிப்பா இருக்குமாம். நிழல் இலை பெருசா, மெல்லிசா இருக்குமாம். காய்ஞ்ச இலை சுருங்கவும் செய்யும்! அப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டா, "இங்க நிழல் ஏதும்மா?" என்று சிரிக்கிறார். மறுபடி தொரட்டி போட்டு உச்சிக்கிளையில் 20 சிற்றிலை எடுத்து, நோட்டுக்குள் ஒரு வாரம் காயவைத்து அளந்தேன். சராசரி 7. நான் 5 மி.மீ. வித்தியாசம்னு எழுதினது 1 மி.மீ. ஆயிடுச்சு. போர்டை நானே அழிச்சேன். வெட்கமா இருந்துச்சு.

அந்த 1 மி.மீ. பிறவியிலேயே வந்ததா, ஊர் வெயில் செஞ்சதா? அதைத் தெரிஞ்சிக்க ரெண்டு ஊர் விதையையும் ஒரே இடத்துல வளர்க்கணும்னு டீச்சர் சொன்னாங்க. அம்மா செராமிக் வேலைக்குப் போறாங்க. அங்கே விளிம்பு உடைஞ்ச ரெண்டு ஜாடி கொண்டு வந்தாங்க. அடியில் ஓட்டை போட்டு, ரெண்டிலும் ஒரே மண், பத்துப் பத்து விதை. எங்க ஊர் விதையில் 6 முளைச்சிருக்கு, ஜெய்சல்மேர் விதையில் 2.

தினம் ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணிதான்னு கணக்கு. ஆனா தம்பி எனக்குத் தெரியாம "அப்பா செடி"க்கு மட்டும் இன்னொரு டம்ளர் ஊத்துறான். அளவு கெட்டுடும்டான்னு சொன்னா கேக்கவே மாட்டேங்கிறான்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி