பத்தொன்பதில் ஒன்று

இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் பகுதியில் இருக்கிறது இப்ஸ்விச் என்னும் ஊர். 2024 ஆகஸ்டில் சீசன் டிக்கெட் வாங்கிக்கொண்டு, போர்ட்மன் ரோடு மைதானத்தில் நடந்த லீக் ஆட்டங்களை ஒன்றுவிடாமல் பார்த்த ஒரு ரசிகர், பத்தொன்பது ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றியைத்தான் கண்டிருப்பார். 2024 டிசம்பர் 30 அன்று செல்சியை 2-0 என்ற கணக்கில் வீழ்த்திய ஆட்டம் அது. மற்றப் பதினெட்டு முறையும் தோல்வியோடோ சமநிலையோடோ அவர் வீடு திரும்பினார். ஜனவரியில் மான்செஸ்டர் சிட்டி வந்து ஆறு கோல்கள் அடித்துவிட்டுப் போனதும் அதே புல்தரையில்தான். இருபத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்து எட்டிய பிரீமியர் லீக்கில் ஒரே பருவம் மட்டும் ஆடி, 22 புள்ளிகளுடன், பத்தொன்பதாம் இடத்தில் நின்று, இப்ஸ்விச் டவுன் மீண்டும் இரண்டாம் நிலைக்கு இறங்கிவிட்டது.

கடைசி மூன்று இடங்களில் முடிக்கும் அணிகள் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படும் என்னும் விதி, நம் ஐ.எஸ்.எல். தொடரை மட்டும் பார்த்துப் பழகியவருக்கு உடனே உறைக்காது. இங்கே கடைசி இடம் என்பது ஓர் அவமானம். 2024-25 பருவம்வரை, கடைசியில் முடித்த அணியும் அடுத்த ஆண்டு அதே மேடையில் ஆட முடிந்தது. அங்கே அது வருமானம், வீரர்கள், ஊழியர்களின் வேலை என்று எல்லாவற்றையும் அசைத்துவிடுகிறது. ஆகவே அணி தடுமாறத் தொடங்கியதுமே மேலாளரை மாற்று என்னும் குரல் எழுவது வழக்கம். இப்ஸ்விச்சில் அந்தக் குரல் பெரிதாக ஒலிக்கவில்லை. ஆனால் வாதம் நடந்தது, கடுமையாகவே நடந்தது.

வாதத்தின் மையத்தில் இருந்தவர் கீரன் மெக்கென்னா, 1986இல் பிறந்த வட அயர்லாந்துக்காரர். இடுப்புக் காயத்தால் இருபத்திரண்டு வயதிலேயே ஆட்டக்காரராக அவர் வாழ்வு முடிந்துபோனது. 2021 டிசம்பரில் இப்ஸ்விச்சின் பொறுப்பை ஏற்றபோது அணி மூன்றாம் நிலையில் கிடந்தது. முதல் முழுப் பருவத்தில் 98 புள்ளிகள், அடுத்ததில் 96. இரண்டு படிகளை அடுத்தடுத்த ஆண்டுகளில் ஏறி முதல் நிலைக்குக் கொண்டுவந்தார். 2024 கோடையில் பெரிய கழகங்களோடு அவர் பெயர் அடிபட்டது. அவரோ இப்ஸ்விச்சிலேயே புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்.

(மேலாளர் என்றால் தமிழில் வங்கி நினைவுக்கு வருகிறது, பயிற்சியாளர் என்றாலோ பாதிப் பொருள்தான் கிடைக்கிறது. ஆட்டக்காரர்களைத் தேர்ந்து, பயிற்றி, களமிறங்கும் பதினொருவரைத் தீர்மானித்து, தோற்ற பின் ஒலிவாங்கியின் முன் நின்று பதில் சொல்பவர் அவர். பழி சுமப்பதும் அந்தப் பதவியின் பணிகளுள் ஒன்று.)

அவரைக் குறைகூறியவர்களிடம் சான்றுகள் இல்லாமலில்லை. அக்டோபரில் பிரென்ட்ஃபோர்டுக்கு எதிராக 2-0 என முன்னிலை பெற்றுவிட்டு, 96ஆம் நிமிடத்தில் வாங்கிய கோலால் 4-3 எனத் தோற்றார்கள். ஒரு வாரம் கழித்து லெஸ்டருடன் 94ஆம் நிமிடத்தில் வெற்றி நழுவியது. டிசம்பரில் போர்ன்மத்துக்கு எதிராக 87ஆம் நிமிடம்வரை முன்னிலையில் இருந்து, அதன்பின் இரண்டு கோல்களை வாங்கினார்கள். ஒருமுறை நடந்தால் விதி எனலாம். மூன்று முறை நடந்தால் மாற்று ஆட்டக்காரர்களை இறக்கிய நேரத்தையும், முன்னிலையைக் காக்கத் தெரியாத அணியமைப்பையும் கேள்வி கேட்கத்தான் வேண்டும். அவர் திறமைசாலி, ஆனால் இந்த உயரத்துக்கு இன்னும் பக்குவப்படவில்லை என்பது ஒரு தரப்பு. மூன்றாம் நிலையில் ஆடிக்கொண்டிருந்தவர்களில் பலரையும் உடன் அழைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தவரிடம் இதற்குமேல் எதைக் கேட்பது என்பது மறுதரப்பு.

எண்ணிக்கை இந்த வாதத்தை வேறொரு பக்கம் திருப்புகிறது. 2023-24, 2024-25 ஆகிய இரண்டு பருவங்களிலும், மேலே ஏறிவந்த மூன்று அணிகளும் அதே பருவத்தில் கீழே இறங்கின. அந்த ஆறு கழகங்களில் ஷெஃபீல்டு யுனைடெட், லெஸ்டர், சவுத்தாம்ப்டன் ஆகியவை நடுவழியில் மேலாளரை நீக்கின. பேர்ன்லி, லூட்டன், இப்ஸ்விச் ஆகியவை நீக்கவில்லை. ஆறுமே இறங்கின. லெஸ்டர் தன் மேலாளரை நீக்கியபோது பதினாறாம் இடத்தில், அதாவது ஆபத்துக்கோட்டுக்கு மேலே, இருந்தது. 25 புள்ளிகளோடு முடித்தது. சவுத்தாம்ப்டன் டிசம்பரில் ரஸல் மார்ட்டினை அனுப்பியபின், இன்னும் ஏழு ஆட்டங்கள் மீதமிருக்கும்போதே தரமிறங்கி, 12 புள்ளிகளில் நின்றது. இரண்டு நிலைகளுக்கும் இடையே விழுந்துவிட்ட பணப் பள்ளத்தை எந்த மேலாளரும் தனியாகத் தாண்ட முடியாது. ஆயினும் பணப் பள்ளத்தை நோக்கி அரங்கிலிருந்து கூச்சலிட முடியாது. அதை வேலையிலிருந்து நீக்கவும் முடியாது. மேலாளரை முடியும்.

இதனால் பொறுமையே வெல்லும் என்று முடிவுகட்டிவிடவும் இயலவில்லை. லூட்டன் ராப் எட்வர்ட்ஸைத் தக்கவைத்தபோது பாராட்டாதவர் குறைவு. அதே எட்வர்ட்ஸ் 2025 ஜனவரியில் விலகினார். மே மாதத்தில் லூட்டன் மூன்றாம் நிலைக்கும் சரிந்தது. மெக்கென்னாவுக்காக வாதாடுபவர்கள் இந்த உதாரணத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். அது நேர்மையன்று.

எதிர்த்திசையில் இன்னொரு கதை. மெக்கென்னாவைவிட ஒரு மாதம் மூத்தவர் வின்சென்ட் கொம்பனி. பேர்ன்லியை 101 புள்ளிகளோடு மேலேற்றி, அடுத்த பருவத்தில் 24 புள்ளிகளோடு கீழிறக்கினார். இறங்கிய அதே மே மாதத்தில் பயர்ன் மியூனிக் அவரை அழைத்தது. 2024-25 பருவத்தில் அந்த அணியை அவர் ஜெர்மன் சாம்பியனாக்கினார். இடையில் மாறியது அவர் திறமையா, அவர் கையிலிருந்த ஆட்டக்காரர்களா? பத்தொன்பதாம் இடம் ஒரு மனிதரைப் பற்றி எவ்வளவு சொல்கிறது என்பதற்கு இதைவிடக் குழப்பமான விடை கிடைப்பது அரிது.

ரசிகர்களின் பேச்சில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. 1976இல் சமூக உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் அவருடைய குழுவினரும் அமெரிக்க மாணவர்களிடம் தங்கள் பல்கலைக்கழக அணியின் ஆட்டங்களைப் பற்றிக் கேட்டார்கள். வென்ற ஆட்டத்தைச் சொல்லும்போது தன்மைப் பன்மை அதிகமாக வந்தது. தோற்ற ஆட்டத்தில் அது குறைந்தது. வெற்றி நம்முடையது, தோல்வி அவர்களுடையது. ஆங்கிலத்தின் ஒற்றைத் தன்மைப் பன்மையைத் தமிழ் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது: கேட்பவரையும் உள்ளடக்கினால் நாம், விலக்கினால் நாங்கள். போட்டி அணியின் ரசிகரிடம் ‘நாங்கள் தோற்றோம்’ என்பதும், பக்கத்து இருக்கைக்காரரிடம் ‘நாம் தோற்றோம்’ என்பதும் வேறு வேறு வாக்கியங்கள். இளம் மேலாளரைப் பற்றிய வாதம் முழுவதும், அவர் அந்த ‘நாம்’ என்பதற்குள் இருக்கிறாரா என்ற கேள்வியையே சுற்றுகிறது. கொம்பனி மியூனிக்குக்குப் புறப்பட்ட அன்று பேர்ன்லியின் ‘நாம்’ அவரை விட்டுவிட்டது. பெரிய இடங்களைத் தவிர்த்து ஊரிலேயே தங்கிய மெக்கென்னாவை, ஆறு கோல் வாங்கிய நாளிலும் இப்ஸ்விச் அதற்குள்ளேயே வைத்திருந்தது.

அவ்வூருக்கு இதில் முன் அனுபவமும் உண்டு. 1968இல் ஃபுல்லம் அணி முதல் நிலையிலிருந்து இறங்கியபோது அதன் மேலாளராக இருந்தவர் பாபி ராப்சன்; அவ்வாண்டே நீக்கப்பட்டார். 1969 ஜனவரியில், முப்பத்தைந்து வயதில், இப்ஸ்விச்சுக்கு வந்தார். தொடக்க ஆண்டுகள் சோதனையானவை. 1971இல் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் தோற்ற இரவில் சொந்த ரசிகர்களே அவரைப் போகச் சொல்லி முழங்கினார்கள். அடுத்துக் கூடிய நிர்வாகக் குழுவில், அந்தக் கூச்சலுக்காகக் கழகத் தலைவர் ஜான் கோபால்ட் மேலாளரிடம் மன்னிப்புக் கேட்டார். 1978இல் எஃப்.ஏ. கோப்பையும் 1981இல் யூஃபா கோப்பையும் வந்தன. மைதானத்துக்கு வெளியே இன்று ராப்சனின் சிலை கையை நீட்டி நிற்கிறது. மெக்கென்னாவை நீக்கக்கூடாது என்றவர்கள் அச்சிலையைச் சுட்டினார்கள். ராப்சன் ஒருவர்தான், அவரைப்போல் ஆகாமற்போனவர்களுக்கு யாரும் சிலை வைப்பதில்லை என்று மற்றவர்கள் பதில் சொன்னார்கள்.

2025 ஆகஸ்டில் மறுபடியும் இரண்டாம் நிலையில் ஆட வேண்டியிருந்தது. எப்படி ஆடுவது, யாரை வாங்குவது என்பதில் அந்தக் கோடையில் இரு தரப்பும் ஒத்துவரவில்லை. பன்னிரண்டு கோல் அடித்த லியாம் டெலாப் இனி அங்கே தங்கமாட்டார் என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.